நாற்பத்தொரு கடிதங்கள்

குடிநீர் அலுவலகக் கண்காணிப்பாளரின் முன்னால் மூன்றாவது முறையாக அந்தத் தையல்காரி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கலங்கிய குழாய்த் தண்ணீர் நிறைந்த பாட்டில். "உங்க தெருவுல வேற யாருமே புகார் பண்ணலையேம்மா" என்று இரண்டு முறை அவளைத் திருப்பி அனுப்பியவர் அவர். அப்போதெல்லாம் கணினியில் ‘மாசு’ என்று தட்டித் தேடியபோது எதுவும் வரவில்லை. இன்று காலை புதிய தேடல் முறையை நிறுவியிருக்கிறார்கள். "இது வார்த்தையத் தேடாது சார், சொல்ல வந்த விஷயத்தைத் தேடும். அதையே தட்டுங்க" என்கிறார் நிறுவ வந்த பெண் பொறியாளர். கண்காணிப்பாளர் தட்டுகிறார். வெயில் படிந்த திரையில் அந்தத் தெருக்காரர்களின் கடிதங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன: வெள்ளைத் துணி பழுப்பாகிறது; குளித்தால் பிள்ளைக்கு அரிக்கிறது; வாயில் வைத்தால் துருவாடை. மொத்தம் நாற்பத்தொன்று. "இது எங்க எதிர்வீட்டு அண்ணி எழுதினது!" தையல்காரி திரையைத் தொட்டுக் காட்டுகிறாள். "பாவி, எங்கிட்டகூடச் சொல்லல. நான் ஒருத்திதான் பைத்தியம் மாதிரி அலையறேன்னு நெனச்சேன் சார்." கண்காணிப்பாளரின் காதுமடல் சுடுகிறது. அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து நிற்கிறார். இந்த முறையும் போகச் சொல்கிறார் என்று நினைத்து அவளும் எழுந்துகொள்கிறாள்.