மிஸ்ஸிங்

"இந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் நான் வண்டியில ஏற மாட்டேன். நீங்க தனியாவே போய் மலையைப் பாத்துட்டு வாங்க."

பட்டறை வாசலில் நின்றபடி மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். இரண்டு பக்கமும் பெட்டி கட்டிய அந்தப் பெரிய டூரிங் பைக்கை வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டே வந்த கணவர், ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தார். ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சினே போய்விடும் என்று அவள் பயமுறுத்தியதால் கிடைத்த தண்டனை இது.

மெக்கானிக் கையில் கிரீஸோடு வந்தார். பட்டறை வட்டாரத்தில் அவருக்குக் 'காது' என்றுதான் பெயர். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சொல்வதையும் நாலு கடைக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். அப்பேர்ப்பட்டவரின் மானத்தை இந்த ஒரு வண்டி வாங்கிக்கொண்டிருந்தது.

"மறுபடியுமாக்கா? பிளக் மாத்தியாச்சு. டேங்க்கைக் கழட்டிக் கழுவியாச்சு. நானே மேட்டுல ஓட்டியும் பாத்துட்டேன். எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடுது."

"உங்களுக்குக் கேக்கலைன்னா சத்தமே இல்லைன்னு ஆயிடுமா தம்பி?"

"ஓட்டற எனக்கும் கேக்கலையே," என்றார் கணவர். "வர இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லிடலாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

அது அநியாயமான பேச்சு. அவர் வண்டியை வாங்கியதோடு சரி. மழைக் கோட்டு, மருந்துப் பை, வழியில் எங்கே தங்குவது என்று மற்ற எல்லாவற்றையும் ஆசை ஆசையாகப் பார்த்துப் பார்த்துச் செய்தவள் அவள்தான். மகள் கல்யாணம் முடியட்டும், வேலையிலிருந்து ஓய்வு கிடைக்கட்டும் என்று தள்ளித் தள்ளி வந்த பயணம். விடிந்தால் புறப்பட வேண்டும். ஆள் நடமாட்டமே இல்லாத மலைப்பாதையில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அவளைப் பிடித்து ஆட்டியது.

"சரிக்கா, கோவிச்சுக்காதீங்க. சத்தம் எப்படி இருக்கும்? சொல்லுங்க."

"டக், டக், டக்னு ஒழுங்காத்தான் வரும். திடீர்னு ஒண்ணு விட்டுடும். அப்புறம் விட்டதுக்கும் சேத்து ரெண்டா அடிக்கும்."

"மிஸ்ஸிங்," என்றார் மெக்கானிக் உடனே. "எஞ்சின் ஒரு அடி விட்டு விட்டு அடிச்சா அதுதான். ஆனா, மிஸ்ஸிங் இருந்தா என் காதுக்குத் தப்பாதே. எப்ப வருது?"

"ஏத்தம் ஏறி முடிச்சதும் இவர் ஓரமா நிறுத்துவாரு. எஞ்சினை அணைக்க மாட்டாரு. நான் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு அப்படியே இவர் மேல சாஞ்சுக்குவேன். அப்பதான் கேக்கும்."

"சாஞ்ச உடனே தூங்கிடுவா," என்றார் கணவர். "கனவுல கேட்ட சத்தத்துக்கு நான் பிளக் மாத்திட்டு இருக்கேன்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்குக் கேட்காத ஒரு சத்தம் இன்னொருவருக்குக் கேட்கிறது என்பதை அவரால் சீரணிக்கவே முடியவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நான் தனியா ஓட்டித்தானே பாத்தேன். ரெண்டு பேரு உக்காந்தா கதையே வேறயா இருக்கலாம். எப்பவும் எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க."

கணவர் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். அவள் பின்னால் ஏறி, அவர் முதுகில் ஒரு காதைப் பதித்து, மற்றக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, அதன் பிடியைத் தன் காதில் வைத்துக் கேட்டார். பிறகு பின்னால் போய், புகைக்குழாய்க்கு நேரே கையைக் காட்டிப் பார்த்தார். காற்று ஒரே சீராக வந்தது.

"வருதாக்கா?" என்று கத்திக் கேட்டார்.

"வருது. லேசா."

"அது அடிக்கிறப்ப மட்டும் விரலால தட்டிக் காட்டுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்துப் பெட்டியின் மேல் தட்டினாள். டக், டக், டக். விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு சேர்ந்தாற்போல இரண்டு.

"இவ்வளவு நிதானமாவா அடிக்குது?"

"ஆமா தம்பி. இப்படித்தான்."

மெக்கானிக் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். அதுவரை எஞ்சின் பக்கமே குனிந்திருந்தவர் மெல்ல நிமிர்ந்தார்.

"கண்ணைத் திறக்காதீங்கக்கா. நான் ஒண்ணு பண்றேன். சத்தம் கூடுதா குறையுதான்னு மட்டும் சொல்லுங்க."

வண்டியின் முன்பக்கம் போய்க் கையை நீட்டினார். ஏதோ கேட்க வாயெடுத்த கணவரை, உதட்டில் விரல் வைத்து அடக்கினார்.

"இப்ப எப்படி?"

"இப்ப ரொம்ப நல்லாக் கேக்குது. மத்த இரைச்சல் போயி அது மட்டும் தனியாத் தெரியுது." அவள் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. "இதோ, ஒண்ணு விட்டுச்சு பாருங்க. நான் சொன்னப்ப யாராவது நம்பினீங்களா? எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா தம்பி?"

"கண்டுபிடிச்சிட்டேன்க்கா." நாலு கடைக்குக் கேட்கப் பேசும் அந்தக் குரல், அவளுக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "கண்ணைத் திறந்து பாருங்க."

அவள் கண்ணைத் திறந்தாள். மெக்கானிக்கின் உள்ளங்கையில் வண்டிச் சாவி இருந்தது.

"எஞ்சினை அப்பவே அணைச்சிட்டேன். மிஸ்ஸிங் வண்டியில இல்லக்கா, சாரோட நெஞ்சுல."