வெளியாள் வரிசை

"ஏய் கலா! உன் பேர் என்ன?"

பர்மாவில் வெளியாளை 'கலா' என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபத்து நாலாம் வருஷம். ரங்கூன் பக்கம் இன்சீனில், கட்சி ஆபீஸ் மேசைக்குப் பின்னால் கோ தெய்ன் உட்கார்ந்திருந்தான். போன மாதம்தான் அந்த வட்டாரத்துக்கு வந்தவன். மீசைகூட ஒழுங்காக முளைக்காத பயல்; ஆனாலும் ஊரே அவனுக்கு ஐயா போட்டது.

"கருப்பையா," என்றார் வரிசையின் முன்னால் நின்ற பெரியவர். பேச்செல்லாம் பர்மிய மொழியில்தான்.

"மக்கள் கடை அரிசி இனிமே இந்த மண்ணுக்காரங்களுக்கு மட்டும். வெளியாளுக்கு அரிசியும் கிடையாது, வேலையும் கிடையாது. கப்பலுக்குப் பேர் கொடுத்துட்டு உன் நாட்டுக்குக் கிளம்பு."

"எது என் நாடு?"

"இந்தியா."

"நான் பார்த்ததே இல்லையே. கறுப்பா, சிவப்பா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. பக்கத்தில் நின்ற மனைவி கனகாம்பாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்குக் கப்பலேறி வந்தவள். ஆபீஸ் என்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"வாழ்நாள் பூரா இங்க ரயில் பட்டறையில சம்மட்டி அடிச்சவன் நான். ஜப்பான்காரன் குண்டு போட்டப்பவே ஓடலை. நீ மேசை போட்டா ஓடிடுவேனா?"

கோ தெய்ன் பல்லைக் கடித்தான். "பேச்சு வேணாம். சட்டம்னா சட்டம்."

அந்தச் சட்டத்தைத்தான் எல்லாரும் சற்றுமுன் பார்த்தார்களே! வளையல் கடை சுலைமானைக் கப்பலுக்குப் போகிறவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, அவன் பர்மியப் பெண்டாட்டியை, "நீ நம்மாளு, நீ இருந்துக்கம்மா" என்று இந்தப் பக்கம் நிறுத்திவிட்டான். அவள் அழுகை இன்னும் ஓயவில்லை.

பின்னால் நின்ற பக்கத்து வீட்டுத் தங்கவேலு, கருப்பையாவின் காதைக் கடித்தான். "அண்ணே, வீம்பு வேணாம். ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"யாருகிட்ட, இவன்கிட்டயா? வாயை மூடிக்கிட்டு நில்லுடா."

"என்ன அங்க குசுகுசு?"

"ஒண்ணுமில்ல. எழுதிக்க. கருப்பையா, கனகாம்பாள். ரெண்டு பேரும் வெளியாளு. கொட்டை எழுத்துல எழுது, நாளைக்கு உனக்கே மறந்துடப்போவுது."

எழுதினான். கருப்பையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியோடு வெளியே வந்தார். வரிசையை விட்டுத் தங்கவேலு பின்னாலேயே ஓடிவந்தான்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பெத்தவங்க காலராவுல போனதும் எங்க தமிழாளுங்க எடுத்து வளர்த்த பர்மாக்காரப் பிள்ளை நீங்க! மவுங் லூன்னு உங்க ஆத்தா வச்ச பேரைச் சொல்லியிருந்தா, அந்தப் பய எழுந்திரிச்சு நாற்காலி போட்டிருப்பானே!"

கருப்பையா கனகாம்பாளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் போட்டிருப்பான்டா. இவளுக்கு?"