ஒரு மூடித் தண்ணீர்

அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

சுவரில் எலும்புக்கூட்டுப் படம். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகள். இத்தனை வயதுவரை அங்கே ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள். மகளுக்கு இரண்டும் முறிந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

மகளைப் பின்னால் வைத்து ஸ்கூட்டரை ஓட்டியது அவள். மணல் லாரியை முந்தப் பார்த்ததும் அவள்தான்.

அவளுக்கா? ஒரு சிராய்ப்பு கிடையாது.

பதின்மூன்று வயதுக் கை. திறந்து, இரண்டு எலும்புக்கும் தகடு வைத்து, திருகாணி முடுக்கித் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. உள்ளங்கைதான் மேலே திரும்பவில்லை. இனி எல்லாம் பயிற்சியில்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏன் முந்தினாய் என்று மகள் கேட்கவில்லை. போகட்டும் என்றும் சொல்லவில்லை. மூன்று மாதம்.

புதன்தோறும் பயிற்சி கொடுக்கும் ஷெரின், அந்த வலது உள்ளங்கையில் பாட்டில் மூடியால் ஒரு மூடித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள். கை சாய்ந்தே இருக்கும். தண்ணீர் கீழே தட்டில் சொட்டும்.

அதைப் பார்க்கமாட்டாமல்தான் இவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வது. சத்தம் மட்டும் விடாது.

ஏழு புதன்கிழமை.

இன்றும் பாட்டில் திறக்கும் ஓசை கேட்டது.

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

திரும்பினாள்.

உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அதன் குழியில் தண்ணீர். தண்ணீருக்குள் ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு துண்டு வானம்.

மணிக்கட்டிலிருந்து மேலேறும் தழும்பு. அதற்கடியில் தகடு. தகட்டுக்கு அடியில், ஒருவரையும் கேட்காமல் தானே வளர்ந்து தானே சேர்ந்துகொண்ட எலும்பு.

யார் சொல்லிக்கொடுத்தது அதற்கு?

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கையை நீட்டு என்று கண்ணால் காட்டினாள்.

நீட்டினாள்.

மகளின் கை மெல்லக் கவிழ்ந்தது. ஒரு எலும்பின்மேல் மற்றது புரளும் என்று ஷெரின் படத்தில் காட்டியிருக்கிறாள். புரண்டது. ஒரு சொட்டு சிந்தாமல் தண்ணீர் அம்மாவின் கைக்கு வந்தது.

உறிஞ்சிக் குடித்தாள். மீந்த ஈரத்தை உச்சந்தலையில் தடவிக்கொண்டாள்.

"யம்மா, அது கேன் தண்ணிம்மா!" ஷெரினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மகள் சிரிக்கவில்லை. கையைத் திருப்பி, மறுபடியும் ஏந்தினாள்.

"இன்னொரு மூடி ஊத்துங்கக்கா. அம்மாவுக்கு."