போனில் இடமில்லை

"நீ போய் டீயப் போடு புள்ள. போட்டோவ கம்ப்யூட்டர்ல ஏத்துறதெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"மவுஸ எந்தப் பக்கம் புடிக்கணும்னாவது தெரியுமா? வாலு முன்னாடி இருக்கணும்" என்றாள் மனைவி கண்ணாத்தாள்.

ரெத்தினம் மவுஸைத் திருப்பிப் பிடித்தான். சிங்கப்பூரிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. நாளைக்கு ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில் மகள் அறிவுமதிக்குப் பட்டமளிப்பு விழா. கூலி நடவுக்குப் போயே பிழைத்த அவர்கள் தெருவில் முதல் மாட்டு டாக்டர் அவள்தான். அங்கி போட்டு அவள் மேடையேறுவதை வீடியோ எடுக்க வேண்டும். போனோ இடமில்லை, இடமில்லை என்று நேற்றிலிருந்து மல்லுக்கு நிற்கிறது.

"வாட்ஸப்ல வந்த குட்மார்னிங் படத்த அழிச்சாலே பாதி எடம் வந்துரும். எதுக்குங்க இத்தன மெனக்கெடு?"

"ஒங்க அண்ணன் குடும்பம் நாளைக்கு வருதுல்ல? நம்ம சிங்கப்பூரு போட்டோவ பெரிய ஸ்கிரீன்ல பாக்கட்டுமே."

"ஆமா, எங்கண்ணன் பாத்துட்டு அப்படியே மாலை போட்டுறப் போறாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் அடுப்படிக்குப் போனாள்.

காட்டும்படியான படங்கள் இல்லாமல் இல்லை. பூங்காவில் ஒன்று, கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் ஒன்று, எவனுடைய காரிலோ சாய்ந்துகொண்டு ஒன்று. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் எடுத்தவை. ஆனால் மற்ற ஆறு நாளும் அதே போனில்தான் கிடந்தன.

சாக்கடைக் குழாய் பதிக்கும் பள்ளத்தில் இடுப்பளவு சேற்றோடு நிற்கும் படம். கம்பிக்கட்டு தூக்கித் தோல் உரிந்த தோள். கூட வேலை பார்த்த இனியவன் விளையாட்டாக எடுத்தது பாதி, கம்பெனி டாக்டருக்குக் காட்ட இவனே எடுத்தது பாதி. அழித்துத் தொலைக்கவும் மனம் வரவில்லை. பட்ட பாட்டுக்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது?

வீட்டில் சொன்ன வேலை ஸ்டோர் சூப்பர்வைசர். ஏசி அறை, சுழல் நாற்காலி. ஐந்து வருடத்துக்கு முன் கிளம்பும்போது கண்ணாத்தாள் வாசலை மறித்தாள். "அங்கயும் சேத்துலதான் எறங்கணும்னா போகவே வேணாம். நம்மூரு சேறு என்ன கசக்குதா?" அந்த வாய்க்குப் பயந்துதான் இவன் இல்லாத நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

இப்போது அவள் கண்ணில் ஒரு படம் பட்டாலும் போச்சு. மகள் மேடையேறும் நேரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாளைக்கு ஒரு நாள் அவள் வாய்கொள்ளாமல் சிரிக்க வேண்டும். இவன் கேட்டது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் பொறுக்கி ஏற்றிவிட்டால் தீர்ந்தது.

கேபிளைச் செருகினான். மகளின் கம்ப்யூட்டர் திரையில் விதைநெல் கொட்டியதுபோலப் படங்கள் விழுந்தன. ஓரத்தில் 'அப்பா' என்று பெயர் போட்ட ஒரு ஃபோல்டர். மகள் அப்பனுக்கென்று ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறாளே என்று உள்ளுக்குள் குளிர்ந்தது. பூங்காப் படத்தின்மேல் அம்பை வைத்து அழுத்தி இழுத்தான். கடப்பாரை பிடித்த விரலுக்கு மவுஸின் மென்மை பிடிபடவில்லை. எங்கெங்கோ ஓடிய அம்பு அத்தனை படங்களையும் நீலமாக்கியது. சரியாகத்தான் இருக்கும் என்று அப்படியே இழுத்து 'அப்பா'வில் விட்டான்.

அப்புறம்தான் விபரீதம் புரிந்தது. மொத்தக் கூட்டமும் உள்ளே போகப் பார்க்கிறது.

"யே, நில்லு, நில்லு!"

"யார நிக்கச் சொல்றீங்க?" டீ டம்ளரோடு கண்ணாத்தாள் வந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ போ."

"ஒண்ணுமில்லாததுக்கா தோள் துண்ட எடுத்து ஸ்கிரீன மூடுறீங்க? தள்ளுங்க."

"சொன்னாக் கேளு கண்ணாத்தா. என்னமோ இங்கிலீசுல கேக்குது. அறிவு வந்து பாத்துக்கட்டும்."

"எனக்குத் தெரியாத இங்கிலீசா? மகளிர் குழு மனுவெல்லாம் இதுல யாரு அடிக்கிறா?"

டம்ளரை அவன் கையில் திணித்துவிட்டுத் துண்டை உருவினாள். சுடச்சுட டம்ளரைப் பிடித்துக்கொண்டு ரெத்தினம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். இனி அழுகைச் சத்தம்தான் கேட்கும்.

"வேற ஒண்ணும் இல்லைங்க" என்றாள் அவள் நிதானமாக. "நானூத்திப் பன்னெண்டு படமும் ஏற்கெனவே இங்க இருக்காம். மறுபடி ஏத்தவா, விடவான்னு கேக்குது. விடுன்னு குடுத்துட்டேன்."

"ஏற்கெனவேவா?"

"போன் வாங்குனப்ப அறிவு அவ மெயிலத்தான போட்டுக் குடுத்தா? நீங்க அங்க எடுக்க எடுக்க அவகிட்ட வந்து விழுந்துருது, அவ இதுல சேத்து வச்சுக்குறா. அழ வேண்டியத நான் மொத வருசமே அழுது முடிச்சிட்டேன். தெரிஞ்சதாக் காட்டிக்கிட்டா நீங்க போட்டோ எடுக்குறதயே விட்டுருவீங்கன்னு அவதான் என் வாயக் கட்டுனா." கண்ணாத்தாள் மவுஸை நகர்த்திவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். "லாரி பின்னாடி வாயத் தொறந்துகிட்டுத் தூங்குறீங்களே ஒரு படம், அதப் பாக்காம ஒங்க மக ஒரு பரீட்சைக்கும் பஸ் ஏறுனதில்ல."