ஒரு கிணறு குறைகிறது

இளஞ்செழியன் சார் இப்படிச் செய்வார் என்று ஓவியா கனவிலும் நினைக்கவில்லை.

அவர் கம்ப்யூட்டரில் கிணறுகளின் நீர்மட்ட விவரம் திறந்தபடி கிடந்தது. அந்தப் பட்டியலில் ஒரு கிணறு குறைந்தது. அவருடைய சொந்த ஊர்க் கிணறு. கத்திரி வெயிலிலும் வற்றாதது.

வேங்கிக்காலில் ஒரு மாடியில் இருந்த அந்தச் சின்ன சர்வே அலுவலகத்தில் இருவரும் நிலத்தடி நீர் மேப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அளந்தது சில கிணறுகளைத்தான். நடுவில் உள்ள இடங்களில் தண்ணீர் எவ்வளவு என்று கம்ப்யூட்டர்தான் கணித்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பல முறைகள். ஒன்று, கிணற்றைச் சுற்றி வட்ட வட்டமாகப் போட்டது. இன்னொன்று, எல்லாவற்றையும் இழுத்துப் பூசி மழமழவென்று ஆக்கியது. எதை எடுப்பது என்று ஒரே இழுபறி.

மேப்பில் தண்ணீர் இல்லாமல் எங்கே அதிகம் சிவக்கிறதோ, அந்த ஊருக்குத் தடுப்பணை. ஒன்றே ஒன்றுதான். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஓவியாவின் ஊர் தண்ணீருக்கு நாயாய் அலைகிறது.

அவளுக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் உள்ள கிணற்றை எடுத்துவிட்டால் அவர் ஊரும் வறண்ட ஊராகிவிடுமே. பெரிய மனுஷர் பண்ணுகிற வேலையா இது?

சார் சாப்பிட்டு வருவதற்குள் அந்தக் கிணற்றைத் திரும்பச் சேர்த்தாள். நியாயத்தைக் காப்பாற்றிய திருப்தியில் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

திரும்பி வந்த சார் ஒவ்வொரு முறையாக ஓட்டிப் பார்த்தார். திடீரென்று குதிக்காத குறை.

"ஓவியா, இங்க வந்து பாரேன். வட்டம் போடற முறைதான் கரெக்ட். எந்த முறை சரின்னு பார்க்கத்தான் எங்க ஊர்க் கிணத்தை வேணும்னே மறைச்சு வெச்சேன். அங்க தண்ணி எவ்ளோன்னு இது தானாவே இம்மி பிசகாம சொல்லிடுச்சு. இதையே அனுப்பிடலாம்."

ஓவியாவுக்கு முகம் செத்துவிட்டது. சார் வைத்த பரீட்சைக்கு விடையை எழுதிக் கொடுத்ததே அவள்தானே. இந்த மேப் போனால் அணை எந்த ஊருக்குப் போய்ச் சேருமோ.

"சார்... அந்தக் கிணத்தை நான்தான் திரும்பச் சேர்த்தேன். உங்க ஊருக்கு அணை வரணும்னு மறைச்சிட்டீங்கனு நினைச்சேன்."

சார் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அதானே பார்த்தேன், எந்த மேப்புக்கும் இவ்ளோ புத்தி கிடையாதே. சரி விடும்மா, நான் தப்பு பண்ணா பிடிக்கவும் ஒரு ஆள் வேணும் இல்ல? மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். இந்த வாட்டி உங்க ஊர்க் கிணத்தை மறை. எந்த முறை அதைக் கண்டுபிடிக்குதுனு பார்த்து நீயே முடிவு பண்ணி வை. நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் ஊருக்கான அணையை அவள் கையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனவர், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.