மாஸ்டர் வாயில் இரும்பு

"அந்தப் பொண்ணை வெளியில உட்காரச் சொல்லுங்க, டாக்டர். நோய் எனக்கு. அவளுக்கு இல்ல."

பெரியவர் இதைச் சொன்னபோது 'அந்தப் பொண்ணு' அடுத்த நாற்காலியில்தான் இருந்தாள். அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி.

"நான் போக மாட்டேன், டாக்டர். போனா இவரு பாதியை முழுங்கிடுவாரு," என்றாள் அவள். "எதைச் சாப்பிட்டாலும் வாயில இரும்பை வெச்ச மாதிரி இருக்காம். இதைக் கூட எங்ககிட்ட சொல்லல. ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்காரு. அவர் சொல்லித்தான் தெரியும்."

ஊரில் பெரியவரை மாஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தையல் கடை வைத்திருக்கும் குடும்பம். அவர் தைத்த கோட்டைப் போட்டவன் கூனி நடக்க மாட்டான் என்று பேர். எதிர்ச் சாரியில் ஒரு ரெடிமேட் கடை வந்தது. 'அளவு கொடுக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம்' என்று பலகை மாட்டினார்கள். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பேத்தி பார்த்தாள். அந்தக் கடைக்காரரின் மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் வந்து சொன்னாள்.

பையனை யாரும் குறை சொல்ல முடியாது. மாஸ்டரும் சொல்லவில்லை. கடைச் சாவியை எடுத்து மகன் கையில் கொடுத்தார். ஆளைப் பார்க்காமல் துணி விற்கிறவன் வீட்டுச் சம்பந்தம் தனக்கு வேண்டாம் என்றார். இனிக் கடைக்கும் வர மாட்டேன், கல்யாணத்துக்கும் வர மாட்டேன் என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெட்டின துணியும் சொன்ன சொல்லும் திரும்பாது என்பது அந்த வீட்டுப் பேச்சு. அன்று முதல் பேத்தியோடு ஒரு வார்த்தை இல்லை. கல்யாணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஈறு வீங்கி ரத்தம் வருகிறதா, பல்லில் சொத்தை உண்டா என்றார். எல்லாம் சொந்தப் பல், தன் வாயில் ஒன்று கூடக் கூலிக்கு வந்ததில்லை என்றார் மாஸ்டர். சில மாத்திரைகள் நாக்கில் உலோகச் சுவையைக் கொண்டுவரும், இரும்புச் சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். மருந்துக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தனக்குத் தெரியாது என்று பதில் வந்தது. சளி, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் எதுவும் இல்லை. சிறுநீரகம் கெட்டாலும் இப்படி இருக்கலாம் என்று முன்பே எடுக்கச் சொன்ன பரிசோதனையிலும் எல்லாம் சரியாகவே இருந்தது.

"அப்புறம் என்ன? எங்க பரம்பரை உடம்பு, டாக்டர்," என்ற மாஸ்டரின் பார்வை டாக்டரின் வெள்ளைக் கோட்டில் நின்றது. "உங்க கோட்டுதான் சீக்குல கிடக்கு. தோள் ரெண்டும் முழங்கைக்கு இறங்கிட்டுது. எங்க வாங்கினீங்கன்னு கேட்க மாட்டேன்."

பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே டார்ச்சை எடுத்து, மாஸ்டரின் கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

உதட்டின் உட்புறம் முழுக்கப் பொடிப் புள்ளிகள். சிலவற்றில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வாயில் இரும்பாகத் தெரிவது இந்த ரத்தம்தான் என்றார் டாக்டர். ஆனால் அடிபடாமல் தானாகக் கசிந்தால் அது சின்ன விஷயம் இல்லை, ரத்தத்திலேயே கோளாறு இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்ப்பது நல்லது என்றும் சொன்னார். வாயில் ஏதாவது குத்தியதா என்று இரண்டு முறை கேட்டார். மாஸ்டர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பேத்தி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"இன்னைக்கே சேர்த்துடறோம், டாக்டர்," என்றாள். "கல்யாணத்தைத் தள்ளி வெச்சுக்கலாம். மூணு மாசமா ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தாரு. எல்லாம் என்னாலதான். இவரு எழுந்து நடமாடின பிறகுதான் எனக்குக் கல்யாணம். அதுவும் நடந்தா நடக்கட்டும், இல்லாட்டி போகட்டும்."

கைப்பேசியை எடுத்து அப்பாவை அழைக்கப் போனாள்.

"உட்காரு."

மாஸ்டர் சொன்னது டாக்டரிடம் இல்லை. மூன்று மாதத்தில் முதல் முறையாக அவர் பேத்தியின் முகத்தைப் பார்த்தார்.

"எதையும் தள்ளி வைக்க வேண்டாம். ரத்தத்துல ஒரு கோளாறும் இல்ல. குண்டூசி."

"குண்டூசியா?"

"மடிப்பைப் பிடிக்க ரெண்டு கையும் போயிடுது. கடையிலன்னா பக்கத்துல ஒரு ஆள் எடுத்துக் கொடுப்பான். பூட்டின ரூம்ல யாரு இருக்கா? வாயிலதான் கவ்விக்கணும். வயசாச்சு, உதடு நடுங்குது, குத்துது."

பேத்தி நின்றபடியே இருந்தாள். "என்ன தாத்தா தைக்கிறீங்க?"

"ரெடிமேட்காரன் வீட்டுக்கு நீ போகலாம். ரெடிமேட்ல போகக் கூடாது. கல்யாண உடுப்பு ஆயிட்டுது. இனிக் கீழ்மடிப்பு மட்டும்தான்."

"என்கிட்ட அளவே எடுக்கலையே."

"உனக்கு எதுக்கு அளவு நாடா? இடது தோள் வலதை விடக் கொஞ்சம் இறக்கம். தொட்டில்ல கிடந்தப்பவே பார்த்தவன் நான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் டார்ச்சை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்ப கல்யாணத்துக்கு வருவீங்கதானே, தாத்தா?"

மாஸ்டர் எழுந்து முதுகை நிமிர்த்தினார்.

"தாத்தாவா வர மாட்டேன்னேன். வர மாட்டேன். ஆனா கல்யாண உடுப்பு தைச்சவன், அதைக் கழட்டுற வரைக்கும் ஊசி நூலோட பொண்ணு பக்கத்துலயே நிக்கணும். அது எங்க கடை வழக்கம்."