கூடைக்குள் ஓர் அதட்டல்

வீறிட்டு அலறியது கூடை. ராயப்பன்பட்டிக்குத் தெற்கே இருந்த அந்தத் திராட்சைத் தோட்டத்தில் அன்று காலையில் அது மூன்றாவது முறை.

"ஏ லூர்து, மோந்து பாக்காமயா போட்ட? காடி நெடி மூக்கத் தொளைக்குது. எடுத்து வீசு," என்றது கூடைக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல்.

அது லூர்தம்மாளின் கணவன் ஆரோக்கியத்தின் குரல். இனிப்பு ஒயினுக்குப் பூஞ்சை பிடித்துச் சுருங்கிய பழம்தான் வேண்டும். ஆனால் பூஞ்சையிலும் நல்லது, கெட்டது உண்டு. தேன் மணம் வந்தால் பறிக்கலாம். காடி நெடி அடித்தால் தொடக் கூடாது. அதை மோந்தே சொல்வதில் ஆரோக்கியத்தை மிஞ்ச ஆளில்லை என்பதால், கெட்ட பழம் விழுந்தால் உடனே கத்தும்படி அவன் மூக்கையும் அதட்டலையும் கம்பெனி எல்லாக் கூடைகளிலும் ஏற்றியிருந்தது. அவன் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது.

மேற்பார்வையாளன் கிளமென்ட் வேகமாக வந்தான்.

"என்னக்கா இது? நேத்துச் சேந்த புள்ளைக கூடையெல்லாம் கம்முனு இருக்கு. இருவது வருசமாப் பறிக்கிற ஒங்க கூடை மட்டும் கத்திக்கிட்டே கெடக்கு. இன்னொரு தடவ கத்துச்சுன்னா ஒங்கள பேக்கிங் ஷெட்டுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. அங்க கூடையே கெடையாது."

லூர்தம்மாள் தலையாட்டினாள். அடுத்த கொத்தைக் கையில் ஏந்தி, ஒவ்வொரு பழமாக மோந்து பார்த்தாள். தேன் மணத்த பழங்களையெல்லாம் விட்டுவிட்டு, பச்சைப் பூஞ்சை படர்ந்த ஒன்றைக் கிள்ளி எடுத்தாள். கை கூடைக்கு மேலே தயங்கி நின்றது.

"அது கெட்டதுன்னு எனக்கே தெரியுதே. ஒங்களுக்குத் தெரியலையா?" என்றான் கிளமென்ட்.

"நல்லதாப் போட்டா அவுக வாயே தெறக்க மாட்டேங்கிறாக, தம்பி."